சோளம் தூவி மான் சுடுவது வேட்டையா? சண்டை அதைப் பற்றியே அல்ல

நவம்பர் முதல் சனிக்கிழமை டெக்சஸில் மான் சீசன் திறந்தால் போதும், பழைய சண்டை புதிதாகக் கிளம்பும். "தீனி போட்டு வரவழைத்துச் சுடுவதெல்லாம் ஒரு வேட்டையா?" வேட்டையே கூடாது என்பவர்களோடு இங்கே வாதமில்லை. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. டெக்சஸ் வேறு மாதிரி. நிலத்தில் 90 சதவீதத்துக்கு மேல் தனியார் கையில். தெற்கே போனால் கண்ணுக்கெட்டிய வரை மெஸ்கீட் முள்காடு (நம்மூர் சீமைக்கருவேலத்தின் பங்காளிதான்). இருபதடி தள்ளி நிற்கும் வெள்ளைவால் மான்கூடத் தெரியாது. இரை காட்டி அழைப்பதும் புதிதில்லை. பழக்கிய பெண்மானைக் கட்டிவைத்துக் கலைமானை இழுக்கும் வேலைக்குப் பழந்தமிழில் 'பார்வை' என்று பெயரே இருந்தது.

என் கருத்து இதுதான். ஃபீடர் (நேரம் வைத்துத் தீனி தூவும் கருவி) வைப்பது தப்பில்லை. சீசனுக்கு முந்தைய வாரம் நான்கு மூட்டை மக்காச்சோளத்தைக் குவியலாகக் கொட்டுகிறார்களே, அதுதான் தப்பு. இலையும் தளிரும் தின்று பழகிய அசைபோடும் வயிற்றில் திடீரென மாவுச்சத்து நிறைந்தால் அமிலம் ஏறி மான் செத்தே போகலாம். குவியலில் பத்து மான் மூக்கோடு மூக்கு உரசித் தின்னும், எச்சில் எல்லாம் ஒரே இடத்தில் சேரும். அது ஏன் ஆபத்து என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

டைமர் ஃபீடர் என்பது எளிய பொருள். முக்காலி மேல் 55 கேலன் பீப்பாய், அடியில் புனல், புனலுக்குக் கீழே மோட்டாரில் சுழலும் தட்டு, பேட்டரி, டைமர். பீப்பாய் நிரம்பினால் சுமார் 150 கிலோ சோளம் பிடிக்கும். வேளைக்கு ஒன்றரை கிலோ, நாளைக்கு இரண்டு வேளை என்றால் 50 நாள் ஓடும். "எத்தனை வினாடி வைக்கணும்?" என்று கேட்பவர்களுக்கு: அடுத்தவர் சொல்லும் வினாடியை நம்பாதீர்கள், மோட்டாருக்கு மோட்டார் மாறும். தட்டைச் சுற்றிச் சாக்கைக் கட்டி ஐந்து வினாடி ஓட்டுங்கள், விழுந்ததை நிறுத்துப் பாருங்கள். அதுதான் உங்கள் கணக்கு.

புனலுக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளியில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். குறைந்தால் சோளம் சிக்கி மோட்டார் முனகும். கூடினால் காற்றில் தட்டு ஆடும்போதெல்லாம் சொரிந்து, வாரத்தில் பீப்பாய் காலி. சொரிவதைக் கண்டால் முதலில் ரக்கூன் என்ற மரமேறும் விலங்கைச் சந்தேகப்படுங்கள். அது முக்காலியின் காலைப் பிடித்து ஏறி, கையாலேயே தட்டைச் சுற்றிவிடும். மோட்டாரைச் சுற்றிக் கம்பிக்கூண்டு இல்லாத ஃபீடர் ரக்கூனுக்கு வைத்த அன்னதானம். மூடி வழியே ஈரம் இறங்கினால் அடியில் சோளம் புளித்துக் கட்டியாகும், மோட்டார் ஓடினாலும் ஒன்றும் விழாது. அதன்மேல் புதுச் சோளத்தைக் கொட்டாதீர்கள்; வழித்தெடுத்துவிட்டு நிரப்புங்கள். பூஞ்சையில் வரும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு மானைவிட வான்கோழி, காடைக்கு மோசம். 'வைல்ட்லைஃப் ஃபீட்' என்று விற்கும் சோளத்தில் அது நூறு கோடியில் 20 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்பது டெக்சஸ் விதி. மூட்டையில் சீட்டு இருக்கும், படித்து வாங்குங்கள்.

அடுத்து பன்றி. வேலி இல்லாமல் ஃபீடர் வைத்தால் நீங்கள் பன்றி வளர்க்கிறீர்கள். 16 அடி நீள, 34 அங்குல உயரக் கம்பித் தட்டி பத்து வாங்கி, இரும்பு முளை அடித்து வட்டமாகக் கட்டினால் குறுக்களவு சுமார் 50 அடி வரும். மான் தாண்டும், பன்றி தாண்டாது. ஆனால் சோளம் வட்டத்துக்குள் விழுகிறதா என்று நின்று பாருங்கள். 6 வோல்ட் மோட்டாரைக் கழற்றி 12 வோல்ட் போட்டவர்கள் பலர், வேலிக்கு வெளியே தூவிவிட்டு "வேலி வேலை செய்யலை" என்பார்கள்.

பரண் இடத்தைக் காற்றுதான் முடிவு செய்யும். அங்கே பெரும்பாலும் தென்கிழக்குக் காற்று. அப்படியென்றால் ஃபீடருக்கு வடமேற்கே, துப்பாக்கிக்கு 80 முதல் 100 கஜம், வில்லுக்கு 20. காலையில் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் சூரியன் கண்ணில் அடிக்கும், அதனால் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளுங்கள். வாடைக்காற்று திரும்பிய நாளில் அதே பரணில் ஏறாதீர்கள், எதிர்ப்புறம் இரண்டாவது பரண் இருக்கட்டும். ஃபீடரைச் செப்டம்பரிலேயே வைத்துவிட வேண்டும். சீசனில் நிரப்பப் போவது நடுப்பகலில் மட்டும். அந்தி நேரத்தில் போய் வியர்வை நாற்றத்தை விட்டுவந்தால் மான் இரவு வேளைக்கு மாறிக்கொள்ளும். சுட அனுமதி உதயத்துக்கு அரை மணி முன்பிலிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி பின்பு வரைதான், இரவில் வரும் மானால் யாருக்கு லாபம்?

டைமரில் ஒரு வேடிக்கை உண்டு. சீசன் திறந்த மறுநாளே, பெரும்பாலான ஆண்டுகளில், அமெரிக்கா கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் திருப்புகிறது. ஃபீடருக்கு அது தெரியாது, மானுக்கும் தெரியாது. பொறுப்பாக டைமர் மணியை மட்டும் திருத்துகிறவர்தான் மாட்டுவார். சோளம் பழகிய நேரத்துக்கு ஒரு மணி தாமதமாக விழும். தொடாமல் விடுங்கள், புதுக் கடிகாரப்படி நீங்கள் ஒரு மணி முன்னால் போய் ஏறுங்கள்.

இவ்வளவு செய்தும் பெரிய கொம்பன் தட்டிக்குள் வரமாட்டான். காற்று தன் முகத்துக்கு வரும் பக்கம், புதரோரம் நின்று பெண்மான்களை எண்ணிக்கொண்டிருப்பான். டெக்சஸின் நடுவிலுள்ள குன்றுப் பகுதியான ஹில் கண்ட்ரியில் நவம்பரிலும் தெற்கு டெக்சஸில் டிசம்பரிலும் இணைசேரும் காலம் வரும்போது அவனுக்குச் சோளம் முக்கியமே இல்லை. ஃபீடரை அல்ல, அதற்கு வரும் தடங்களைப் பாருங்கள். ஓக் கொட்டை அமோகமாக உதிர்ந்த ஆண்டில் பெண்மானும் சோளத்தைத் திரும்பிப் பார்க்காது. 1932இல் கொண்டுபோய் விட்ட நம்ம புள்ளிமானும் அங்கே ஃபீடருக்கு வரும். அது வெளிநாட்டு இனம் என்பதால் அதற்குச் சீசனே கிடையாது, ஆண்டு முழுக்கச் சுடலாம்.

புறா சுடுகிறவர்கள் கவனிக்க: அதே சோளம் அங்கே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். சோளத்தை முழுக்க அள்ளிய பிறகும் 10 நாள் அந்த இடம் 'தீனி போட்ட இடம்' தான்.

கடைசியாக நோய். சி.டபிள்யூ.டி. என்பது மானை மெலிய வைத்துக் கொல்லும் ப்ரியான் (உருக்குலைந்த புரதம்) நோய். 1967இல் கொலராடோவில் முதலில் தெரிந்தது. டெக்சஸில் 2012இல் மியூல் மானிடமும் 2015இல் வளர்ப்புப் பண்ணை வெள்ளைவால் மானிடமும் கண்டார்கள். எச்சில், மூத்திரம், புழுக்கை எல்லாவற்றிலும் போகும், மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. விஸ்கான்சின், நோய் கண்ட மாவட்டங்களில் தீனி வைப்பதை நிறுத்தியது. மிச்சிகன் 2019இல் தன் தெற்குப் பாதியான கீழ்த் தீபகற்பம் முழுக்கத் தடை போட்டது. டெக்சஸில் சட்டம் விட்டாலும், உங்கள் பக்கம் நோய் உறுதியானால் பீப்பாயைக் கழற்றுங்கள். தூவுகிற ஃபீடர் குவியலைவிட மேல்தான், ஆனாலும் தினமும் அதே வட்டத்து மண்ணில்தான் எல்லா மானும் மூக்கை வைக்கிறது.