பரந்தனிலும் ஒரு ட்ரம்பெட் ஒலிக்கிறது
ஒரு ஊரில் சுரங்கம் மூடினால் அந்த ஊர்ப் பிள்ளைகளின் பித்தளை வாத்தியமும் ஓய்ந்துவிடும் என்று உங்கள் இதழில் கட்டுரையாளர் ஒருவர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இங்கிலாந்தின் கிரைம்தோர்ப்பில் நிலக்கரிச் சுரங்கம் 1993இல் மூடப்பட்டது. 1917இல் தொடங்கிய அதன் வாத்தியக் குழு இன்றும் வாசிக்கிறது. இலங்கையின் வடக்கே உள்ள எங்கள் பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை போரோடு நின்றுபோனது. அதற்குப் பிறகு பிறந்த என் பெறாமகள் பாடசாலை பாண்ட் குழுவில் ட்ரம்பெட் ஊதுகிறாள். புழுதி ஏறி வால்வு மூன்றும் இறுகிவிடும். தையல் மெசின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டுத் துடைத்து, உதட்டில் வட்டமாகத் தடம் பதியும்வரை வயல் வரம்பில் நின்று ஊதுவாள். “சித்தப்பா, மேல் ஸ்வரம் பிடித்துவிட்டேன்!” என்று ஓடிவந்தாளே, அந்த முகத்தைக் கட்டுரையாளர் பார்த்திருக்க வேண்டும். கற்றுத்தந்த ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய் ஒரு வருடமாகிறது. அவர் இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை, அதுதான் என் கவலை.