வெளியே பேசிக்கலாமா?

"இனிமே நாம நேரடியாவே பண்ணிக்கலாமே. எதுக்கு நடுவுல அவங்களுக்குக் கமிஷன்?"

ஃப்ரீலான்சர் தளங்களில், அதாவது தனியாக வேலை எடுத்துச் செய்பவர்களையும் வேலை கொடுப்பவர்களையும் கமிஷன் வாங்கிக்கொண்டு சேர்த்துவைக்கும் இணையதளங்களில், வேலை கொடுப்பவர்களும் வாங்குபவர்களும் ஒருமுறையாவது இந்தப் பேச்சைக் கேட்டிருப்பார்கள், இல்லை பேசியிருப்பார்கள். நான் பேசியவன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒரு பயிற்சி இணையதளம் நடத்துகிறேன். அதற்கான டெவலப்பர் ஒரு தளத்தின் வழியாகத்தான் கிடைத்தார். முதல் இரண்டு வேலைகளும் சுத்தமாக முடிந்தன. இரண்டாவதைச் சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னாலேயே முடித்துக் கொடுத்தார். மூன்றாவது வேலை பெரியது. மாணவர் கணக்கு, பணம் கட்டும் பக்கம் எல்லாவற்றையும் புதிதாக எழுத வேண்டும். கமிஷன் எவ்வளவு போகும் என்று கணக்குப் போட்டேன், மனசு கேட்கவில்லை. மேலே உள்ள வரியை வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்து, "சரி சார், உங்க இஷ்டம்" என்று பதில் வந்தது. அந்தப் பதிலில் இருந்த தயக்கம் அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

பாதிப் பணத்தை அட்வான்ஸாக அனுப்பினேன். இரண்டு மாதம் வேலை நடந்தது. ஒருநாள் அவர் முடிந்துவிட்டது என்றார். நான் முடியவில்லை என்றேன். மொபைலில் திறந்தால் பணம் கட்டும் பக்கம் பாதியில் நின்றது. "அது நீங்க முதல்ல கொடுத்த லிஸ்ட்லயே இல்லையே சார்" என்றார். லிஸ்ட் என்று எங்களிடம் இருந்ததெல்லாம் வாட்ஸ்அப்பில் நான் நேரம் காலம் இல்லாமல் அனுப்பிய குரல் பதிவுகள்தான். ஒரு ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒன்றில், "மொபைல் அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறேன். அடுத்த வாரப் பதிவில், "எல்லாரும் மொபைல்லதான் வருவாங்க, அது முக்கியம்" என்கிறேன். இரண்டும் என் குரல். யார் பக்கம் நியாயம் என்று எனக்கே தெரியவில்லை.

அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த விஷயத்தில் எச்சரிக்கை செய்பவர்கள் எல்லோரும், அட்வான்ஸை வாங்கிக்கொண்டு ஓடிப்போகிறவர்களைப் பற்றியே பேசுகிறார்கள். நேர்மையான இரண்டு பேர் மாட்டிக்கொள்வது பற்றி யாரும் பேசுவதில்லை.

தளத்தின் உதவிப் பக்கத்துக்குப் போனேன். முதல் கேள்வியே, "எந்த ஒப்பந்தம் தொடர்பாக?" சொடுக்கினால் முடிந்துபோன இரண்டு வேலைகளும் வந்தன. மூன்றாவது அங்கே இல்லை. எப்படி இருக்கும்? 'மற்றவை' என்பதைத் தேர்ந்தெடுத்து நாலு வரி அடித்தேன். அப்புறம்தான் உறைத்தது, நான் எழுதிக்கொண்டிருப்பது புகார் இல்லை, தளத்தின் விதியை மீறி வெளியே பணம் கொடுத்ததற்கான ஒப்புதல் வாக்குமூலம். அனுப்பினால் என் அக்கவுண்டும் போகும், அவருடையதும் போகும். அவர் அங்கே ஆறு வருடம் உழைத்துச் சேர்த்த ரிவ்யூக்கள் இருந்தன. அடித்ததை அழித்துவிட்டேன்.

வெளியே போகலாம் என்று இரண்டு பேரும் தலையாட்டுகிற அந்த நிமிடமே, முறையிடும் வாசல் இரண்டு பேருக்கும் அடைபடுகிறது. பணம் போவது அதற்குப் பிறகு நடக்கிற விஷயம். நடக்காமலும் போகலாம். வாசல் அடைபடுவது மட்டும் நிச்சயம்.

கமிஷன் என்றால் ஆள் பிடித்துக் கொடுத்ததற்கான தரகு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆள்தான் கிடைத்தாயிற்றே, இனி எதற்குத் தரகு என்ற கணக்கு. அந்தத் தொகைக்கு உள்ளே என்னென்ன நடக்கிறது என்று பின்னால்தான் உட்கார்ந்து படித்தேன். அப்வொர்க் என்ற ஃப்ரீலான்சர் தளத்தில் நிலையான தொகைக்கு வேலை கொடுத்தால், பணம் முதலில் எஸ்க்ரோவில், அதாவது வேலை முடியும் வரை பணத்தைப் பிடித்து வைக்கும் கணக்கில், போய் உட்காரும். வேலை முடிந்தது என்று ஃப்ரீலான்சர் சமர்ப்பித்த பிறகு, பார்த்துச் சொல்ல வேலை கொடுத்த கிளையன்டுக்கு 14 நாள். வாயே திறக்காமல் இருந்தால் பணம் தானாக ஃப்ரீலான்சருக்குப் போய்விடும். ஃபைவர் என்ற இன்னொரு தளத்தில் அந்த அவகாசம் 3 நாள்தான். மணிக்கணக்கில் வேலை என்றால் அப்வொர்க்கின் செயலி 10 நிமிடத்துக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கும். இதைக் கண்காணிப்பு என்று பலர் வெறுக்கிறார்கள், எனக்கும் அது பிடிப்பதில்லை. ஆனால் "இந்த நாலு மணி நேரம் நீ வேலையே பார்க்கவில்லை" என்று கிளையன்ட் சண்டைக்கு வந்தால், ஃப்ரீலான்சரின் கையில் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

வாட்ஸ்அப்பில் அந்தச் சாட்சி கிடையாது. டெலிகிராமில் இன்னும் மோசம். தனி உரையாடலில் எதிராளி அனுப்பியதைக்கூட இரண்டு பக்கமும் சேர்த்து அழித்துவிடலாம். கட்டணம் மிச்சமாகிறது என்று பணம் அனுப்பும் சேவையான பேபாலில், நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் என்று உள்ள 'ஃப்ரெண்ட்ஸ் அண்ட் ஃபேமிலி' வழியாகப் பணம் அனுப்புகிறவர்கள், பணம் கொடுத்து வாங்குபவருக்கு உள்ள பாதுகாப்பு அந்த வழிக்குப் பொருந்தாது என்பதைச் சிக்கல் வந்த பிறகுதான் படிக்கிறார்கள். கிரிப்டோவில் அனுப்பினால் திரும்ப இழுக்கவே முடியாது.

இதைவிட ஆழமான ஒன்று உரிமை. பணம் கொடுத்துவிட்டேன், அதனால் இணையதளத்துக்காக அவர் எழுதிய கோடு (code) என்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பல நாடுகளின் சட்டம் அப்படிச் சொல்வதில்லை. அமெரிக்காவில் ஒரு புகழ்பெற்ற வழக்கு இருக்கிறது. வாஷிங்டனில் வீடற்றவர்களுக்காகப் போராடிய ஓர் அமைப்பு, வீடில்லாத ஒரு குடும்பத்தைச் சிலையாக வடித்துத் தரும்படி ஜேம்ஸ் ஏர்ல் ரீட் என்ற சிற்பியிடம் 1985இல் கேட்டது. யோசனை அமைப்பினுடையது, பொருட்செலவும் அதனுடையது. வேலை நடக்கும்போது போய்ப் பார்த்து ஆலோசனையும் சொன்னார்கள். எழுத்தில் மட்டும் எதுவும் இல்லை. பதிப்புரிமை யாருக்கு என்று பேசிக்கொள்ளவே இல்லை. பின்னால் சண்டை வந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. ரீட் ஊழியர் இல்லை, சுயமாக வேலை செய்பவர், ஆகவே பணியமர்த்தியவர்களுக்குத் தானாக உரிமை வந்துவிடாது என்று 1989இல் தீர்ப்பு வந்தது. தளங்களின் விதிமுறைகளில், பணம் செலுத்தியதும் உரிமை கிளையன்டுக்கு மாறும் என்று பொதுவாக ஒரு பிரிவு இருக்கும். யாரும் படிக்காத அந்தப் பிரிவையும் நான் வெளியே வரும்போது உள்ளேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

முதல் பேச்சிலேயே, ஒப்பந்தம்கூடப் போடாமல், "டெலிகிராமுக்கு வாங்க" என்று இழுப்பவர்கள் வேறு ரகம். அவர்களோடு பேச்சே வேண்டாம். நீங்கள் உள்ளே பார்த்த அடையாளச் சரிபார்ப்பு, ரிவ்யூ எல்லாம் அந்த அக்கவுண்டுக்கு உரியவை. டெலிகிராமில் பேசுவது அதே ஆள்தானா என்று யார் சொல்வது? வேலை தேடுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். பயிற்சிக் கட்டணம், டெபாசிட், "இந்த ஃபைலைத் திறந்து பாருங்க" எல்லாம் அப்படி இழுத்துக்கொண்டு போன பிறகுதான் வரும்.

கமிஷன் அதிகம் என்ற கோபம் எனக்கும் உண்டு. ஃபைவர் விற்பவரிடம் 20 சதவீதம் எடுக்கிறது. உழைப்பில் ஐந்தில் ஒரு பங்கு. அப்வொர்க்கில் 10 சதவீதமாக இருந்தது, 2025 மே முதல் புதிய ஒப்பந்தங்களுக்கு 0 முதல் 15 வரை மாறிக்கொண்டிருக்கிறது. கோபப்பட நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தக் கோபத்துக்குக் கதவு உள்ளேயே இருக்கிறது. அப்வொர்க்கில் சந்தித்தவர்கள் 2 வருடம் அங்கேயேதான் பணம் கொடுக்கல் வாங்கல் செய்ய வேண்டும். அதற்கு முன்னால் போக வேண்டுமானால் ஒரு கட்டணம் கட்டிவிட்டு முறையாக வெளியே போகலாம். நேரடியாக வேலை கொடுப்பது தப்பே இல்லை. ஒருவரை வேறு வழியில் தெரிந்துகொண்டு, ஒப்பந்தம் எழுதி, இன்வாய்ஸ் வாங்கி வேலை செய்யலாம், தாராளமாக. உள்ளே சந்தித்துவிட்டுச் சந்தடியில்லாமல் நழுவுவதுதான் சிக்கல்.

இன்னொன்றும் எனக்கு உறுத்துகிறது. கேட்டது நான். பணம் கொடுக்கிற இடத்தில் இருந்துகொண்டு கேட்டேன். மாட்டினால் எனக்குப் போவது ஓர் அக்கவுண்ட், நாளைக்கே இன்னொரு தளத்தில் ஆள் எடுப்பேன். அவருக்குப் போவது பிழைப்பு. "முடியாது சார்" என்று அவர் எப்படிச் சொல்லியிருப்பார்? மூன்றாவது வேலை கைநழுவிப் போய்விடும் என்ற பயம் இருந்திருக்காதா? வேலை கொடுக்கும் நண்பர்களே, தயவுசெய்து இந்தக் கேள்வியை நீங்கள் கேட்காதீர்கள்.

மொபைல் பக்கத்தை இப்போது வேறொருவர் சரிசெய்கிறார். தளத்துக்கு உள்ளேதான். என்னென்ன வேண்டும் என்று எழுதவே ஒரு மாலை முழுக்கப் பிடித்தது. பழைய டெவலப்பருக்குப் போன வாரம் மீதிப் பணத்தை முழுவதுமாக அனுப்பினேன். கூடவே, அந்தக் கோடின் உரிமையை எழுத்தில் மாற்றித் தரும்படி ஒரு பக்கக் கடிதமும். "பாத்துட்டு சொல்றேன் சார்" என்று பதில் வந்திருக்கிறது. காத்திருக்கிறேன்.