விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) சேர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து இன்பாக்ஸில் ஒரே கேள்விதான். "பையன் ஜர்னலிசம் படிக்கணும்கிறான், சேர்க்கலாமா?" "பொண்ணு விஸ்காம்தான் வேணும்னு பிடிவாதமா இருக்கா, வேலை கிடைக்குமா?" ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் எழுத முடியவில்லை, அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சேருங்கள். ஆனால் கல்லூரியைப் பார்க்கப் போகும்போது ஸ்டூடியோவைத்தான் முதலில் காட்டுவார்கள். கேமரா, லைட், எடிட் சூட் எல்லாம் நன்றாகவே இருக்கும். பார்த்து முடித்ததும், "உங்கள் மாணவர்கள் கொண்டுவரும் பத்திரிகையைக் கொஞ்சம் காட்டுங்கள்" என்று கேளுங்கள். லேப் ஜர்னல் என்பார்கள். கடைசியாக வந்த இதழ் எப்போது வந்தது, அதில் அந்த ஊர் இருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரி ஆண்டு விழாப் படங்களும் நாலு கவிதையும் மட்டும் இருந்தால், அங்கே இதழியல் நடக்கவில்லை என்று அர்த்தம்.

நான் ஒரு தமிழ் நாளிதழின் டெஸ்க்கில், அதாவது செய்திகளைத் திருத்தி அச்சுக்கு அனுப்பும் பிரிவில் இருக்கிறேன். ஆண்டுதோறும் இன்டர்ன்ஷிப்புக்கு வரும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். கெட்டிக்காரர்கள். செல்போனிலேயே ஒரு வீடியோவை எடுத்து, வெட்டி, எழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றம்) வழக்கு ஒன்றின் போலீஸ் பிரஸ் நோட்டைக் கொடுத்து நாலு பத்தி எழுதச் சொன்னால், குழந்தையின் பெயரை மட்டும் எடுத்துவிட்டு, படிக்கும் பள்ளி, வகுப்பு, அப்பாவின் தொழில், தெரு என்று மற்ற எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வருகிறார்கள். அந்தத் தெருவில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு பெயரோடு நிற்கவில்லை. முகவரி, புகைப்படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் என்று குழந்தையை அடையாளம் காட்டக்கூடிய எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் சிறைத் தண்டனை வரை போகும். இந்தப் பிள்ளைகள் ஊடகச் சட்டம் படித்து, பரீட்சை எழுதி, பாஸாகி வந்தவர்கள். பிரிவு எண்கூட ஞாபகம் இருக்கிறது. ஒரு பிரஸ் நோட்டை முன்னால் வைத்து, எந்த வரியை எடுக்க வேண்டும், எதை விடலாம் என்று உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் போய்விட்டது. இதில் அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

"பத்திரிகைத் தொழிலை வகுப்பறையில் கற்க முடியாது, ஃபீல்டுக்கு வந்தால்தான் வரும்" என்று சொல்லும் சீனியர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகம் 1941-லேயே இதழியல் துறையைத் தொடங்கியது. டெல்லியில் ஐஐஎம்சி என்ற இதழியல் கல்வி நிறுவனம் 1965-ல் வந்தது. இத்தனை காலமாக இருக்கும் ஒரு படிப்பைத் தேவையில்லை என்று தள்ளிவிட முடியாது. ஃபீல்டில் ஒருவர் தப்புச் செய்தால் அதற்கான விலையை யாரோ ஒரு சாதாரண மனிதர் கொடுக்க வேண்டியிருக்கிறது. அதைக் கல்லூரியிலேயே செய்து பார்த்துத் திருத்திக்கொள்வது எவ்வளவோ மேல்.

தியரி எதற்கு என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அஜெண்டா செட்டிங் என்று ஒரு கோட்பாடு எல்லாப் பாடத்திட்டத்திலும் இருக்கும். எதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பதை ஊடகம் தீர்மானிக்கிறது என்பது சுருக்கம். மெக்கோம்ப்ஸ், ஷா என்ற ஆய்வாளர்கள் இருவர் 1968 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது, வட கரோலினாவில் சேப்பல் ஹில் என்ற சின்ன ஊரில், யாருக்கு ஓட்டுப் போடுவது என்று இன்னும் முடிவு செய்யாத 100 பேரிடம் போய், எந்தப் பிரச்சினை முக்கியம் என்று கேட்டார்கள். அதை அந்த ஊர் மக்கள் பார்த்த செய்திகளோடு ஒப்பிட்டார்கள். 1972-ல் கட்டுரை வெளியானது. இவ்வளவுதான்! இதை நம் மாணவர்கள் திருநெல்வேலியிலோ திருப்பூரிலோ ஒரு தேர்தல் சமயத்தில் செய்ய முடியாதா? 100 வாக்காளர்கள், இரண்டு வாரப் பேப்பர்கள், சாயங்கால டிவி விவாதங்கள். ஒரு வகுப்பே சேர்ந்தால் ஒரு மாதத்தில் முடிந்துவிடும். பிறகு அந்தக் கோட்பாடு அவர்களுக்கு ஆயுசுக்கும் மறக்காது. நாம் அதைப் பத்து மார்க் கேள்வியாக்கி வைத்திருக்கிறோம்.

அதேபோல கிராமசபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நாலாக இருந்தது, 2022-லிருந்து மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் சேர்ந்து வருஷத்துக்கு ஆறு. கல்லூரிப் பேருந்திலேயே போய்விட்டு வரலாம். ஊராட்சியின் வரவு செலவை அங்கே சொல்லியாக வேண்டும். யார் கேள்வி கேட்கிறார்கள், யார் கேட்காமலே எழுந்து போகிறார்கள், பெண்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்து எழுதினாலே ஒரு செய்தி இருக்கும். சந்தேகம் வந்தால் பத்து ரூபாய் கட்டி ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை) மனு போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். ஒரு செமஸ்டருக்குள் கேட்டு, வாங்கி, எழுதி முடித்துவிடலாம்.

அப்புறம் தமிழ். எனக்கு மனசு வலிக்கும் இடம் இதுதான். வேலைக்குப் போகப்போவது தமிழ் பேப்பர், தமிழ் சேனல், தமிழ் யூடியூப். பல கல்லூரிகளில் பாடமும் பரீட்சையும் ஆங்கிலத்தில்தான். டெஸ்க்குக்கு செய்தி ஏஜென்சிகள் அனுப்பும் செய்தி பெரும்பாலும் ஆங்கிலத்தில் வரும். நீதிமன்ற உத்தரவு ஆங்கிலத்தில் வரும். அதை ராத்திரி பதினோரு மணிக்கு, எடிஷன் முடிய அரை மணி நேரம் இருக்கும்போது, டீக்கடையில் படிப்பவருக்குப் புரியும் தமிழில் எழுத வேண்டும். 1904-ல் சுதேசமித்திரன் பத்திரிகையில் உதவி ஆசிரியராகச் சேர்ந்த பாரதியாருக்கும் இந்த மொழிபெயர்ப்பு வேலைதான் கொடுத்தார்கள். நூற்றி இருபது வருஷமாகத் தமிழ்ப் பத்திரிகையின் அன்றாட வேலையாக இருக்கும் ஒன்றுக்கு, மூன்று வருஷப் படிப்பில் ஒரு முழுப் பாடமாவது ஒதுக்க வேண்டாமா? துறைத் தலைவர்கள் யாராவது இதைப் படித்தால், போர்டு ஆஃப் ஸ்டடீஸ் (பாடத்திட்டக் குழு) கூட்டத்தில் தயவுசெய்து பேசுங்கள்.

பெற்றோர்களுக்கு: இளங்கலையில் பொருளாதாரம், வரலாறு, சட்டம், அறிவியல் என்று ஏதாவது ஒன்றைப் படித்துவிட்டு, முதுகலையிலோ டிப்ளமோவிலோ இதழியல் சேர்ந்தாலும் நல்லதுதான். நான் பார்த்தவரை அப்படி வந்தவர்கள் பட்ஜெட் நாளில் திணறுவதில்லை. சம்பளம் ஆரம்பத்தில் குறைவுதான், அதை மறைக்க மாட்டேன். சினிமாவுக்குப் போகத்தான் ஆசை என்று பிள்ளை சொன்னால் விஸ்காம் சரியான இடம், அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் செய்தி எழுத ஆசைப்படும் பிள்ளையையும் அதே சிலபஸில் உட்கார வைத்துவிடாதீர்கள்.

உங்கள் கல்லூரியில் தமிழில் லேப் ஜர்னல் வருகிறதா? வந்தால் பிடிஎஃப்பை கமெண்ட்டில் போடுங்கள். எல்லாவற்றையும் படித்துவிட்டு, நல்ல செய்திகளை எழுதியவர்களின் பெயரோடு இங்கே பகிர்கிறேன்.