ஆடு காணாமல் போகும், பிள்ளை எப்படிப் போகும்?

முல்லைத்தீவுப் பக்கத்து அம்மா ஒருவர் சொப்பிங் பையில் சுற்றி வைத்திருந்த கோப்பைப் பிரித்துக் காட்டினார். மகனின் சின்னப் படம், பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, ஒவ்வொரு ஆணைக்குழுவுக்கும் எழுதிய கடிதங்களின் போட்டோப் பிரதி. மேலே ஒரு அரசாங்கக் கடிதம். அதில் 'காணாமற்போன' என்ற சொல்லின்மேல் விரலை வைத்தார்.

"வட்டுவாகலிலை நான் கையிலை பிடிச்சுக் கொண்டுபோய் ஆமியிட்டைக் குடுத்தனான். பேந்தென்னண்டு தம்பி அவன் காணாமல் போவான்?"

2009 மேயில் போர் முடிந்தபோது சனம் இராணுவத்திடம் சரணடைந்த இடம் வட்டுவாகல். எனக்குப் பதில் வரவில்லை.

ஆடு காணாமல் போகும், குடை காணாமல் போகும். அதற்கு யாரும் பொறுப்பில்லை. காணாமல் ஆக்குவதற்கு மட்டும் ஒருவன் வேண்டும். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலடியில் போராட்டம் தொடங்கிய தாய்மார் 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்' என்பதை விட்டுக்கொடுக்காதது இதனால்தான். 2016இல் சட்டம் இயற்றி 2018இல் அரசு ஆணையாளர்களை நியமித்த காணாமற்போனோர் அலுவலகத்தின் பெயரில் அந்த ஒருவன் இல்லை.

2015இல் ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில், உண்மை ஆணைக்குழு, விசேட நீதிமன்றம், காணாமற்போனோர் அலுவலகம், இழப்பீட்டு அலுவலகம் என்று நான்குக்கு இலங்கை ஒப்புக்கொண்டது. பின்னவை இரண்டும் வந்தன. உண்மையும் நீதிமன்றமும் வரவில்லை. போருக்குப் பிறகு உண்மையும் நீதியும் இழப்பீடும் தேடுவதை நிலைமாறுகால நீதி என்று கருத்தரங்குகளில் நாங்கள் நீட்டி முழக்குவதில் மிஞ்சியது படிவமும் காசும்தான். காசு வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கடன்பட்டு வாழ்கிற குடும்பத்துக்கு அது தேவை. ஆனால் காசோடு மரண அத்தாட்சிப் பத்திரத்தையும் நீட்டினால், எப்போது செத்தான், யார் கொன்றது என்று அந்த அம்மா கேட்கத்தானே செய்வார்?

யாழ்ப்பாணத்துச் செம்மணியைப் பாருங்கள். 1998இல் கொலை வழக்கொன்றில் தண்டனை பெற்ற சிப்பாய் ஒருவர் நீதிமன்றத்தில் நின்று முந்நூறு, நானூறு பேரைப் புதைத்ததாகச் சொன்னார். அடுத்த ஆண்டு தோண்டியபோது 15 உடல்கள். அப்புறம் 2025இல், அதே பகுதியில், மயானக் கட்டட வேலைக்கு மண் வெட்டப்போய் எலும்பு வந்தது. தோண்டத் தோண்ட இருநூறைத் தாண்டியது. கிடைத்தவற்றில் ஒரு நீலப் பள்ளிக்கூடப் பையும் இருந்தது.

இப்போது ஆட்சியில் இருக்கும் மக்கள் விடுதலை முன்னணியினரின் (ஜே.வி.பி.) தோழர்களும் 1987–89இல் தெற்கில் இப்படித்தான் கொண்டுபோகப்பட்டார்கள். சிங்களத் தாய்மாரும் படத்தோடு தெருவில் நின்றார்கள். 'போன'வுக்கும் 'ஆக்கப்பட்ட'வுக்கும் வித்தியாசம் இவர்களுக்காவது தெரிந்திருக்க வேண்டாமா? அந்த அலுவலகத்தின் பெயர்ப்பலகையை மாற்றச் சொல்லவில்லை. சரணடைந்தவர்களின் பட்டியலை வெளியே வையுங்கள் என்கிறேன். அந்த அம்மா கேட்பதும் அதுதான்.