வாசித்தவர்தானே?

அந்த நினைவுக் கூட்டத்துக் காணொளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆகாசவாணியில் தமிழ்ச் செய்தி வாசித்த சரோஜ் நாராயண்சுவாமியைப் பற்றி மேடையில் ஒருவர் பேசுகிறார்: அவருக்கு நல்ல குரல்தானாம், ஆனால் எழுதிக் கொடுத்ததை வாசித்தவரைப் பத்திரிகையாளர் என்று சொல்லக் கூடாதாம். அதற்குக் கைதட்டல் வேறு.

யார் எழுதிக் கொடுத்தார்கள்? தில்லி ஆகாசவாணியில் அந்த வேலைக்குப் பெயரே செய்தி வாசிப்பாளர் - மொழிபெயர்ப்பாளர். செய்தி ஆங்கிலத்தில் வரும். அதைக் காதால் கேட்டாலே புரிகிற தமிழாக்கி, நேரத்துக்குள் அடக்கிவிட்டுத்தான் மைக் முன்னால் உட்கார முடியும். மும்பையில் படித்து வளர்ந்தவர் ஏறத்தாழ 35 ஆண்டுகள் அதைச் செய்தார். வாசித்தவர்தானே என்று எப்படி வாய் வருகிறது?

அரசு வானொலி, அரசு சொன்னதைச் சொன்னது என்பீர்கள். உண்மைதான். 1984 அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி இறந்ததை பிபிசி சொல்லிப் பல மணி நேரம் கழித்துத்தான் ஆகாசவாணி சொன்னது. செய்தியை நிறுத்தி வைக்கும் அதிகாரம் மொழிபெயர்த்து வாசிக்கிறவரிடமா இருந்தது? கேட்க வேண்டிய இடத்தில் கேளுங்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று சிலருக்குத் தெரியும். என் அம்மாவும் ஒரு வானொலி நிலையத்தில் செய்தி வாசித்தவர். விடியற்காலை செய்தி என்றால் மூன்றரைக்கு எழுந்து, எங்களுக்குச் சோறு வடித்து, குழம்பு வைத்துவிட்டுக் கிளம்புவார். ஐஸ் தண்ணீர் தொட மாட்டார். ஓர் ஊரின் பெயரைத் தப்பாகச் சொல்லிவிடக் கூடாதென்று அந்தப் பக்கத்து ஆட்களைத் தேடிப் பிடித்துக் கேட்பார். சொந்தக்காரர்களுக்கோ அது பத்து நிமிஷ வேலை. "ரேடியோல பத்து நிமிஷம் படிக்கத்தானே போறா, அதுக்கு எதுக்கு இவ்வளவு அலட்டல்?" என்று அத்தை எங்கள் முன்னாலேயே கேட்பார். அப்பா ஒரு நாள்கூடப் பதில் சொன்னதில்லை.

நிலையத்திலும் அதே கணக்குதான். வாசித்த நாளுக்கு மட்டும் பணம். காய்ச்சலில் குரல் போனால் அன்றைக்கு ஒன்றுமில்லை. இன்று பென்ஷனும் இல்லை.

நான் மிகைப்படுத்துகிறேன் என்பவர்களுக்கு விளக்கம் சொல்லப் போவதில்லை. 1947 விடுதலைச் செய்தியைத் தமிழில் வாசித்தவர் என்று பூர்ணம் விஸ்வநாதனைப் பெருமையாகச் சொல்கிறோமே, அங்கே ஏன் இந்த ‘தானே’ வரவில்லை?

காணொளியை அம்மாவும் பார்த்தார். "விடு, நமக்கெதுக்கு" என்றார். இந்தப் பதிவைப் பார்த்தால் நீக்கச் சொல்வார். நீக்க மாட்டேன்.