பவர் ஸ்டேஜில் கை வைப்பதற்கு முன்னால்

பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் ஒன்று கைக்கு வந்ததும் நம்மில் பலருக்கு முதலில் தோன்றுவது, "இதில் என்ன போட்டால் இன்னும் நன்றாகப் பாடும்?" என்பதுதான். எது கெட்டிருக்கிறது என்று பார்ப்பதெல்லாம் அப்புறம். நானும் அப்படித்தான் இருந்தேன். இப்போது என் கட்சி வேறு. பவர் ஸ்டேஜில், அதாவது ஸ்பீக்கரை ஓட்டும் கடைசிக் கட்டத்தில், நாம் செய்யும் மாடிஃபிகேஷனில் பாதி, பழுதைத் தேடப் பொறுமையில்லாமல் செய்கிற வேலை.

என் கதையையே சொல்கிறேன். எழுபதுகளில் வந்த செட், ஒரு சேனல் ஊமை. மீட்டரை வைத்தால் அவுட்புட் டிரான்சிஸ்டர் இரண்டும் கலெக்டர்-எமிட்டர் ஷார்ட். சரி, தொப்பி வடிவத்தில் இருக்கும் அந்தக் காலத்துச் சரக்குதானே, 'நல்லதாக' போடுவோம் என்று 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 ஜோடியை மாட்டினேன். பழைய துளைகளில் உட்காராது என்பதால் நாலு விரற்கடை நீளத்துக்கு ஒயர் வேறு இழுத்தேன்.

பாட்டே போடவில்லை. பத்து நிமிஷத்தில் ஹீட் சிங்க்கில் கை வைக்க முடியவில்லை. அவுட்புட்டில் ஸ்பீக்கருக்குக் குறுக்கே ஒரு 10 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் கண்டன்சரும் தொடராக இருக்குமே, அந்த ரெசிஸ்டர் கருகி நாறியது. காதுக்கு எட்டாத உயரத்தில் ஆம்ப் தனக்குத் தானே பாடிக்கொண்டிருந்திருக்கிறது!

காரணம் எளிது. பழைய தொப்பிகள் 2என்3055 வகையறா, அவற்றின் வேகம் இரண்டு மெகாஹெர்ட்ஸ் சொச்சம். நான் போட்டது 30. அந்த மந்தத்தைக் கணக்கில் வைத்துத்தான் டிசைன் செய்தவர் ஃபீட்பேக்கை நிதானப்படுத்தியிருக்கிறார். அதில் வேகமான ஆளை உட்கார வைத்து, பேஸுக்கு நீள ஒயரும் கொடுத்தால் ஆசிலேட் ஆகாமல், அதாவது தானாகவே பாட ஆரம்பிக்காமல், என்ன செய்யும்?

அப்புறம் எம்ஜே15003, எம்ஜே15004 போட்டேன். அதே தொப்பி, அதே துளை, அதே நிதானம். அமைதியாகப் பாடியது. மூன்றாவது வாரம் அதுவும் போனது, கூடவே அதை இயக்கும் டிரைவர் டிரான்சிஸ்டரையும் இழுத்துக்கொண்டு.

அதற்குப் பிறகுதான் உருப்படியாகத் தேடினேன். புது டிரான்சிஸ்டர்களைப் போட்டு, கரண்ட் எகிறினால் தடுக்க மெயின்ஸில் 60 வாட் குண்டு பல்பைத் தொடராக மாட்டி, 0.47 ஓம் எமிட்டர் ரெசிஸ்டரின் குறுக்கே மீட்டரை வைத்தேன். 10 மில்லிவோல்ட், அதாவது 21 மில்லிஆம்ப் பக்கம். பாட்டு இல்லாதபோதும் டிரான்சிஸ்டரில் ஓட வேண்டிய சிறு கரண்ட்தான் பயாஸ், அது சரியாகவே இருந்தது. ஒரு பல்குத்தும் குச்சியால் பயாஸ் பிரிசெட்டை, அதாவது பயாஸைத் திருகி வைக்கும் குட்டி ரெசிஸ்டரை, லேசாகத் தட்டினேன். 10 என்றிருந்தது 80 ஆனது, பல்பு பளிச்சென்று எரிந்தது. அதன் கார்பன் தடம் தேய்ந்து, தடத்தைத் தொடும் வைப்பர் முனை அவ்வப்போது விட்டுப்போகிறது. விட்டால் பயாஸ் எகிறும், எகிறினால் டிரான்சிஸ்டர் காலி. முதலில் செத்த ஜோடியும் இப்படித்தான் செத்திருக்க வேண்டும். உலகத்தில் உள்ள எந்த டிரான்சிஸ்டரைப் போட்டிருந்தாலும் இதே கதிதான்.

புது பிரிசெட் போட்டபோது அதை விபிஇ மல்டிப்ளையரின் (பயாஸை நிர்ணயிக்கும் டிரான்சிஸ்டர் சர்க்யூட்) பேஸ்-எமிட்டர் பக்கத்துக்கு மாற்றிவிட்டேன். இனி வைப்பர் விட்டால் பயாஸ் ஏறாது, இறங்கும். இதுவும் மாடிஃபிகேஷன்தானே என்று ஒரிஜினல் பிரியர்கள் சண்டைக்கு வரலாம். வரட்டும். மறுபடி அதே இடத்தில் சாகாமல் பார்த்துக்கொள்வதை நான் ரிப்பேர் கணக்கில்தான் சேர்ப்பேன்.

ஃபில்டர் கண்டன்சரை மூன்று மடங்கு ஆக்கினால் பாஸ் பின்னும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டிரான்ஸ்ஃபார்மர் அதேதான். ஆன் செய்யும் கணத்தில் டயோடுகள் தாங்க வேண்டிய கரண்ட்தான் கூடும். காய்ந்துபோன கண்டன்சரை அதே அளவில் மாற்றினாலே ஹம் என்கிற உறுமல் ஓடிவிடும். வாட்ஸை இரட்டிப்பாக்கினாலும் கூடுவது 3 டெசிபல்தான், அதற்கு இவ்வளவு கூத்து.

அடுத்த சேனலில் பிரிசெட்டை மட்டும் மாற்றினேன். டிரான்சிஸ்டர்கள் கம்பெனி போட்டவை, அடியில் இருக்கும் மைக்கா தகட்டைக்கூடப் பிரிக்கவில்லை. இரண்டு பக்கமும் ஒரே ஜோடி இருக்க வேண்டாமா என்று நண்பர் நச்சரிக்கிறார். மீட்டர் அங்கேயும் 10 மில்லிவோல்ட் காட்டுகிறது. மூடியை மாட்டிவிட்டேன்.