நம்முடைய மழை அதற்குத் தெரியாது

போன கிழமை மாணவர்கள் எழுதித்தந்த ஒப்படைகள் திருத்திக்கொண்டிருந்தேன். ஒன்றில் ஆங்கிலம் அவ்வளவு சுத்தம், ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: மட்டக்களப்பு விவசாயிகள் மே முதல் செப்டெம்பர் வரை பெய்யும் தென்மேல் பருவக்காற்று மழையை நம்பித்தான் பெரும்போக நெற்செய்கை செய்கிறார்களாம். எழுதியது, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைப் பிள்ளை ஒன்று. தகப்பன் வயல் செய்கிறவர்.

கூப்பிட்டுக் கேட்டேன். “உங்கட வட்டையில எப்ப புள்ள விதைப்பாங்க?”

“புரட்டாசிக் கடைசி, ஐப்பசியில மிஸ்.”

“பெருமழை?”

“கார்த்திகை, மார்கழி...” சொல்லிக்கொண்டே தன் தாளைப் பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது.

அவளுக்கு மழை தெரியும். அந்த வரியை எழுதித்தந்த சாட்ஜிபிடிக்குத்தான் தெரியவில்லை. இணையத்தில் குவிந்துகிடக்கும் எழுத்தைப் படித்து, அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கோக்கிற ஏஐ, அதாவது செயற்கை நுண்ணறிவுக் கருவி அது. இலங்கை மழை என்றால் கொழும்பு, இரத்தினபுரிப் பக்கத்துத் தென்மேல் பருவக்காற்றைப் பற்றித்தான் எழுத்து அதிகம். நமக்கு மழை தருகிற வடகீழ் பருவக்காற்றை விட்டுவிட்டு அந்தப் பக்கத்து மழையைத் தூக்கி நம் வயலில் ஊற்றிவிட்டது. என்னை உறுத்தியது அந்தப் பிழை அல்ல. ஐப்பசியில் தகப்பனோடு வரம்பில் நின்ற பிள்ளை, தான் கண்டதைவிடத் திரையில் வந்த ஆங்கிலத்தை நம்பினாளே, அதுதான்.

இதைச் சொன்னவுடன் “அப்ப ஏஐயைத் தடை செய்யுங்க” என்று கிளம்பிவிட வேண்டாம். நான் அதற்கு ஆளில்லை. நம் பிள்ளைகள் உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு, பல்கலைக்கழகத்துக்குள் காலடி வைத்ததும் பல பீடங்களில் ஆங்கிலத்தில் எழுது என்கிறோம். அந்தப் பள்ளத்தைத் தாண்ட நாம் கொடுத்தது சில மாத ஆங்கில வகுப்பு. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வந்தது, அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். யாரைக் குற்றம் சொல்வது?

கரையோர ஊரான திருக்கோவில் பக்கத்துப் பையன் ஒருவனுக்கு நியம விலகல், அதாவது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்ற அளவு, ஏறவே இல்லை. வகுப்பில் இரண்டு தரம் கேட்டான், மூன்றாம் தரம் கேட்க வெட்கம். இரவு போனில், தமிழில், “தோணியில ஒவ்வொரு நாளும் வார மீனை வச்சு விளங்கப்படுத்து” என்று கேட்டிருக்கிறான். ஒரு நாள் 10 கிலோ மறுநாள் 40 கிலோ வருகிறவனுக்கும், தினமும் 25 கிலோ வருகிறவனுக்கும் சராசரி ஒன்றுதான், ஆனால் இருவர் வீட்டு நிலைமையும் ஒன்றல்ல என்று அது சொல்ல, இவனுக்குப் பிடிபட்டுவிட்டது. அடுத்த நாள் என்னிடம் வந்து அவனே கணக்குப் போட்டுக் காட்டினான். நள்ளிரவில் பத்தாவது தரமும் சலிக்காமல் சொல்லித்தர யார் இருக்கிறார்கள் அவனுக்கு? டியூஷனுக்குக் காசில்லாத வீடு. மாதம் 20 டொலர் கட்டுகிற சேவையும் அவனுக்கு எட்டாது, இலவசமாகக் கிடைத்ததை வைத்துத்தான் இதைச் செய்தான்.

அப்புறம், ஒப்படையை ஏஐ எழுதியதா என்று சதவீதம் போட்டுச் சொல்கிற இந்தக் கண்டுபிடிப்பான் மென்பொருள்கள். தயவுசெய்து அந்த சதவீதத்தைப் பார்த்து ஒரு பிள்ளையின் புள்ளியை வெட்டாதீர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே, தானே செய்த கண்டுபிடிப்பானைத் துல்லியம் போதாது என்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. அதே வருடம் ஸ்டான்போர்ட் ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் தம் கையால் எழுதிய, டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வுக் கட்டுரைகளை இப்படியான ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கும் மேலானவற்றை இயந்திரம் எழுதியது என்றன அவை. காரணம் விளங்கக்கூடியதுதான். தெரிந்த சொற்களை வைத்து, எளிய வாக்கியங்களில், கவனமாக எழுதினால் அது கருவிக்கு இயந்திர எழுத்துப்போலத் தெரிகிறது. நம் பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தானே எழுதுவார்கள்! இரவிரவாக அகராதியும் கையுமாக இருந்து எழுதிய ஒரு பிள்ளை, ஒரு நிறுவனத்தில், இந்த சதவீதத்தால் அழுதுகொண்டு வெளியே வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

நான் பிள்ளைகளிடம் கேட்பது இவ்வளவுதான். ஏஐயைப் பயன்படுத்து, ஆனால் அதனிடம் என்ன கேட்டாய், அது என்ன சொன்னது, எதை நீ மாற்றினாய் என்று ஒப்படையோடு சேர்த்துத் தா. பிறகு ஐந்து நிமிடம் என் முன்னால் இருந்து தமிழில் சொல். ஆங்கிலத்தில் அல்ல, தமிழில். எழுதினது தனக்கு விளங்கியதா இல்லையா என்று முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். நாற்பது பேருக்கு இரண்டு நாள் பிடிக்கிறது, களைத்துத்தான் போகிறேன், நூற்றைம்பது பேர் இருக்கிற வகுப்புக்கு இது சரிவராது என்பதும் உண்மை. அங்கே குழுவாகவாவது பேசவிடலாம்.

தமிழில் சொல்லும்போது கலைச்சொல் இடறும். இடறட்டும். நம் கிழக்கின் காரைதீவில் பிறந்த தமிழறிஞர் விபுலாநந்த அடிகள் 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கப் பணிக்கு முன்னின்றவர். அவருடைய மண்ணில் இருந்துகொண்டு, பாடத்தைத் தமிழில் யோசிக்க நாம் கூச்சப்படக் கூடாது.

அந்தப் பிள்ளைக்கு ஒப்படையைத் திருப்பிக் கொடுத்து, ஒரு கிழமை தந்தேன். நேற்றுக் கொண்டுவந்தாள். மழையைத் திருத்தியிருந்தாள். அதோடு தகப்பனுக்குப் போன் எடுத்து, வயலுக்குத் தண்ணீர் பங்கிடுகிற வட்டவிதானையின் வேலை என்ன, எந்த வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர் விடுவது என்று எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று கேட்டு அரைப் பக்கம் எழுதியிருந்தாள். ஆங்கிலம் முன்னையதைப்போல வழவழப்பாக இல்லை, இரண்டு இடத்தில் இலக்கணம் தட்டியது. அந்த அரைப் பக்கத்தை மூன்று தரம் வாசித்தேன்.